மற்றவை என்ற கட்டம்

என் தொழிலில் பாதி கல்யாணம், பாதி சாவு. முதல் பாதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விளம்பரம் செய்துகொள்ளலாம். இரண்டாவது பாதியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கரமனை அக்ரஹாரத்தில் வீட்டிலிருந்தே சமையல் ஏற்றுச் செய்கிறவள் நான். சீமந்தம், பூணூல், அறுபதாம் கல்யாணம் எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் என் அடுப்பை அணையாமல் காப்பாற்றியது திவசங்களும் பதிமூன்று நாள் காரியங்களும்தான். அந்தச் சமையலுக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். பெருங்காயம் கிடையாது. உப்புச் சரியா என்று நாக்கில் விட்டுப் பார்க்க முடியாது. சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நானும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கிவிட வேண்டும். சாவு வீட்டில் போய் மறுபடி வருவேன் என்று யாராவது சொல்வார்களா?

செல்போனில் ஐந்து நட்சத்திரம் கேட்டு வாங்கினால்தான் பிழைக்கலாம் என்ற நிலைமை எனக்குப் பின்னாளில் வந்தது. தெருவில் பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்குப் போனார்கள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற புதுத் தம்பதிகளுக்கு எங்கள் தெருவே தெரியாது. அவர்களுக்கு ஆவணி அவிட்டத்துக்குப் போளி வேண்டுமென்றால் செல்போனில் தேடுகிறார்கள். செல்போனில் நான் இல்லை. என் வீட்டுக்காரர் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் குடும்ப கௌரவம்.

அதனால் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எல்லாம் போனிலேயே. சென்னையிலிருந்து ஒரு பெண் நடத்தினாள். வாக்கியத்துக்கு ஒரு தடவை "சிஸ்டர்ஸ்" என்பாள். மேப்பில் கடையைப் போடுவது, பகல் வெளிச்சத்தில் பலகாரத்தைப் படம் எடுப்பது, ஆர்டர் முடிந்த மறுநாளே வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது, விமர்சனம் கேட்பது, அடுத்த ஆர்டருக்குச் சலுகை சொல்வது. "உங்களை அவங்க மறக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஞாபகப்படுத்தணும் சிஸ்டர்ஸ்." நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

"பிரதோஷத்துக்கு வர்ற கூட்டம் மாதிரி வாசல்ல வந்து நிப்பான்னு நெனச்சிண்டிருக்கியாக்கும்," என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் வரவில்லை, ஆனால் ஆள் வந்தது. முதலில் ஒரு பிறந்தநாளுக்குப் பால் பாயசம். பிறகு ஒரு புதுமனை புகுவிழா. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாமியிடம் ஓடினேன். மாமி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து, அவள் வீட்டுக் கேட்டில் நின்றபடி கூப்பிடுவதும் நான் ஜன்னலிலிருந்து பதில் சொல்வதுமாகத்தான் எங்கள் சிநேகம். மாமி போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, என் தேங்காய்ச் சேவையின் படத்தைப் பார்த்தாள்.

"படம் ஜோராத்தான் இருக்கு. மணம் வருமோ இதுல?"

"அதுக்கு ஆர்டர் கொடுக்கணும் மாமி."

"நான் எதுக்குக் கொடுக்கணும்? ஜன்னலைத் திறந்து வெச்சா எனக்கு ஓசியா வரது."

வகுப்பின் கடைசிப் பாடம் விண்ணப்பம். ஆர்டர் கொடுக்கிறவர்கள் ஒரு லிங்க்கைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். பெயர், நம்பர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், என்ன விசேஷம். அவர்கள் நிரப்பிவிட்டால் போதும், விசேஷம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நன்றிச் செய்தி தானாகப் போய்விடும். "சொந்தக்காரங்க, பக்கத்து வீடு யாரா இருந்தாலும் லிங்க்தான் சிஸ்டர்ஸ். விதிவிலக்கே வேண்டாம்." என்ன விசேஷம் என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் போட வேண்டும். கல்யாணம், சீமந்தம், பூணூல், பிறந்தநாள், பண்டிகை என்று எழுதினேன். பிறகு கை நின்றுவிட்டது.

"திவசம்னு எழுதேன். அதானே உனக்கு ஜாஸ்தி வரது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாசல்ல போர்டு வெச்சா அப்படி எழுதுவேளா?"

"மாட்டேன்."

"இதுவும் வாசல்தான்."

அது அவருக்கும் நியாயமாகப் பட்டது. மங்களமான பட்டியலின் அடியில் அந்தச் சொல்லை எழுத எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. கடைசிக் கட்டத்துக்கு "மற்றவை" என்று பெயர் வைத்தேன். நாசூக்காகச் செய்துவிட்டதாகத் திருப்திப்பட்டுக்கொண்டு காபி குடித்தோம்.

நன்றிச் செய்தியையும் நானே எழுதினேன். "உங்கள் இல்லத்து விசேஷம் இனிதே நிறைவேறியதில் மகிழ்ச்சி. மீண்டும் உங்கள் இல்லத்துக்கு வரக் காத்திருக்கிறோம். அடுத்த விசேஷத்துக்குச் சிறப்புச் சலுகை உண்டு." மேலே ஒரு பூங்கொத்துப் படம். கட்டம் எதுவானாலும் இதே செய்திதான் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்போது உறைக்கவில்லை. திவசக்காரர்கள் எல்லாம் தெருக்காரர்கள், நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அவர்கள் எங்கே லிங்க்கைத் தொடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

மாமியின் வீட்டுக்காரர் அந்த மழைக்காலத்தில் காலமானார். ஆஸ்பத்திரியில் நாலே நாள். பெங்களூரிலிருந்து மகன் வந்தான். எல்லாம் முடித்து வந்த சாயங்காலம் என்னிடம் வந்து, "மாமி, சமையலுக்கு எப்படி? என்ன செய்யணும் நான்?" என்று கேட்டான். கண் சிவந்திருந்தது. தலையிலிருந்து இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

நீ போய் அம்மா பக்கத்தில் உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கத்துக்கு அதுதான் பேச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பறேன். அதுல போட்டுடு கண்ணா, எனக்கு ஒரு கணக்கு இருக்கும்." இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது. அவன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா செத்த அன்றைக்கு, என்ன விசேஷம் என்ற கேள்விக்குப் பதில் தேடினான். கட்டங்களை மேலிருந்து கீழே பார்த்து, கடைசியில் இருந்ததைத் தொட்டான்.

பதிமூன்று நாளும் சமைத்தேன். ஒரு குறை வைக்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். பதிமூன்றாம் நாள், தீட்டு விலகுகிற சுபம் அன்றைக்குச் சொஜ்ஜியப்பம், வடை, பாயசம். மாமி அடுக்களைப் பக்கம் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அவளிடம் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. ஒன்றும் பேசாமல், வருகிறேன் என்று சொல்லாமல், உருளியைத் தூக்கிக்கொண்டு முறைப்படி படியிறங்கி வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் சாலை மார்க்கெட்டில் இலைக்கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் என் போன் அந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிய வந்தது மூன்று நாள் கழித்து, விமர்சனப் பக்கத்தில். ஒற்றை நட்சத்திரம். இங்கிலீஷில் நாலு வரி. என் அப்பாவின் காரியத்துக்கு இவர்கள் சமைத்தார்கள். பதினாலாம் நாள் காலையில் பூங்கொத்துடன் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். எங்கள் வீட்டுக்கு மீண்டும் வரக் காத்திருக்கிறார்களாம், அடுத்ததற்குச் சலுகை உண்டாம். அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை. வைதிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும்.

என் புத்தி அப்போதும் நேராகப் போகவில்லை. மோசமான விமர்சனத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். பதிலின் மாதிரியும் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அசௌகரியமா? ஒரு மனுஷன் போயிருக்கார்டீ."

உடனே அழித்தேன். அதற்குள் தெருக் குரூப்பில் அந்தப் பதில் படமாக ஓடிவிட்டது. மகனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. தப்பு என்னுடையது, மிஷின் அனுப்பியது, என்னை மன்னித்துவிடு என்று செய்தி அனுப்பினேன். படித்தான். பதில் இல்லை.

நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கவேயில்லை. அந்தச் செய்தியில் பொய் என்று எதுவும் கிடையாது. செத்தவருக்கு முதல் வருஷம் மாதாமாதம் மாசிகம் உண்டு. மாசத்துக்குள் நான் அந்த அடுக்களைக்குத் திரும்பிப் போவேன் என்பது மாமிக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும், காரியம் செய்து வைக்கிற வாத்தியாருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லாமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை. நான் அதைச் சலுகையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் மீதி இருக்கிறது மாமி ஒருத்திதான். அடுத்தது என்றால் அந்தப் பிள்ளைக்கு யார் முகம் ஞாபகம் வந்திருக்கும்?

போன் அடங்கிவிட்டது. ஒரு சீமந்தக்காரர்கள் தேதி தள்ளிப்போகிறது என்றார்கள். தள்ளிப்போகவில்லை, நடந்தது, வேறு ஆள் சமைத்தாள். கழக்கூட்டத்துக்காரர்களுக்கு எங்கள் சாஸ்திரம் தெரியாது, ஆனால் ஒற்றை நட்சத்திரம் தெரியும். என்னோடு வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் தினமும் காலையில் போன் செய்து, "அக்கா, இன்னிக்கு உண்டா?" என்று கேட்டார்கள். நாலாம் நாளிலிருந்து அவர்களும் கேட்கவில்லை.

நான் வாசல் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டேன். துக்கம் காக்கிற மாமி ஒரு வருஷத்துக்கு அடுத்தவர் வீட்டுப் படி ஏற மாட்டாள். போவதென்றால் நான்தான் போக வேண்டும். மகனுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாகவே மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன்.

முதல் மாசிகம் அன்று காலையில் எதிர்வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வலியசாலையிலிருந்து ஒரு சமையல்காரி. வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் இறக்கினாள். ஜன்னலிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது கோபம். என் அடுக்களை அது. அதில் எந்த அடுப்பின் திரி புகையும் என்று எனக்கல்லவா தெரியும்.

ஆனால் அந்தக் கோபத்திலும் நான் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. போனது வேறொரு காரணத்துக்கு. அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கல்யாணம் வந்தது. மூன்று வேளை, நானூறு இலை. அதுபோல ஒன்று கிடைத்தால் அந்த இரண்டு பெண்களையும் திரும்பக் கூப்பிடலாம், என் பெயரும் எழுந்து நிற்கும். பெண்ணின் அப்பா போனில், எங்கள் ஊர் மலையாளம் கலந்த தமிழில், நயமாகத்தான் பேசினார். "எல்லாம் ஓகே. பக்ஷே அந்த ஒரு ரிவ்யூ... என்ன சங்கதி அது? வீட்டுல லேடீஸ் ஒரு மாதிரி நெனக்கறா." ரெண்டு நாளில் சொல்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

மாமி கூடத்தில் தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரை மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"வா," என்றாள். "வழி தெரிஞ்சுதா?"

நான் எதிரே சுவரோரம் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள். "சொன்னான் அவன். நாலு கல்யாணம் ஒண்ணா வந்துடுத்தாம், மாசிகத்துக்கு உனக்கு ஒழிவில்லையாம். நல்லதுதான். பக்ஷே நீயே வந்து ஒரு வாய் சொல்லியிருக்கலாம். எதிர்த்தாப்பலதானே இருக்கே. ஜன்னலையும் சாத்திண்டுட்டே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மாமிக்கு ஒன்றும் தெரியாது. மகன் அம்மாவிடம் அந்தச் செய்தியைக் காட்டவில்லை, தெருக்காரர்களும் துக்க வீட்டில் வாயைத் திறக்கவில்லை. என்னை அவன் அந்த வீட்டிலிருந்து நிறுத்திவிட்டான், ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு நாளும் மாமிக்கு இருந்த வருத்தமெல்லாம், நான் பெரிய ஆளாகி அவளை மறந்துவிட்டேன் என்பதுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். ஆமாம் மாமி, தப்புதான், அடுத்த மாசம் நானே வருகிறேன் என்று சொல்லியிருந்தால் மாமி ரெண்டு திட்டுத் திட்டிவிட்டுக் காபி போடப் போயிருப்பாள். மகனிடம் அவள் பேசிக்கொள்வாள். அதுவும் என் மனதில் ஓடியது. கூடவே நானூறு இலையும் ஓடியது. விமர்சனத்தை எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால், அது ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். லிங்க், கட்டம், மிஷின் எல்லாவற்றையும் சொன்னேன். மாமிக்கு அது பிடிபடவில்லை. "என்னன்னு போச்சு அதுல?" என்று கேட்டாள். செய்தியை வார்த்தை வார்த்தையாக என் வாயாலேயே சொன்னேன். இனிதே நிறைவேறியதில் மகிழ்ச்சி. மீண்டும் வரக் காத்திருக்கிறோம். அடுத்த விசேஷத்துக்கு. அவள் வீட்டுக்காரரின் படத்துக்குப் போட்டிருந்த மாலை என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியின் கை பேப்பர் மடிப்பில் அப்படியே நின்றது.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவன்கிட்ட சொல்லி அதை எடுக்கச் சொல்றேளா? ஒரு கல்யாணம் அதுனால நிக்கறது."

மாமி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் எனக்காக ஒரு பொய் சொன்னான். சரி. நீ இந்த நெஜத்தை ஆருக்காகவாக்கும் சொன்னே?"

பதில் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்த பதில்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. பக்கத்திலிருந்த போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். "அவளைப் பத்தி எழுதினதை எடுத்துடு. ஆமாம், இங்கதான் இருக்கா. அவளுக்குப் பிழைப்பாக்கும் அது." அவன் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டான். மாமி மடித்த பேப்பரை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "தெரியும். அவளே சொன்னா."

மறுநாள் காலையில் அந்த விமர்சனம் இல்லை. கல்யாணக்காரர் சாயங்காலமே உறுதி சொன்னார். நானூறு இலையும் குறைவில்லாமல் நடந்தது. பந்தியில் வந்து வந்து பாராட்டினார்கள், அவர்களாகவே ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அந்த இரண்டு பெண்களும் இப்போது வேலைக்கு வருகிறார்கள். விண்ணப்பத்தில் திவசம், மாசிகம் என்று தனிக் கட்டம் போட்டுவிட்டேன். அதற்கு எந்தச் செய்தியும் போகாது. வகுப்பு நடத்திய பெண் என் கதையை வெற்றிக் கதையாகக் குரூப்பில் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் சிஸ்டர் என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த மாசிகம் எந்தத் தேதியில் வரும் என்று நான் பஞ்சாங்கம் பார்க்காமலேயே சொல்வேன். அன்று விடியற்காலை குளித்துவிட்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்கு வலியசாலை ஆட்டோ வந்தது. மாமி தானே வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இந்தத் தடவை அவளிடம் யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.